திரும்பி வராத பாதை: 2ஐ/போரிசோவ் வால்மீன் குறித்த நிகழ்வு ஆய்வு

2019 ஆகஸ்ட் 30, விடியலுக்கு முந்தைய நேரம். கிரிமியாவின் நௌச்னி என்ற ஊரில் கெனாதி போரிசோவ் தன் சொந்த வானாய்வகத்தில் கிழக்கு அடிவானத்தை ஒட்டிய வானத்தைப் படமெடுத்துக்கொண்டிருந்தார். தொலைநோக்கிகளைத் தானே வடிவமைத்துச் செய்பவர் அவர். அன்று பயன்படுத்திய 65 செ.மீ. ஆடி கொண்ட கருவியும் அவர் கைவேலைதான். பெரிய கணக்கெடுப்புத் தொலைநோக்கிகள் சூரியனுக்குப் பக்கத்திலுள்ள வானத்தில் அதிகம் தேடுவதில்லை. போரிசோவ் தேடியது அங்கேதான். படங்களில் மங்கலான ஒரு புள்ளி நகர்ந்தது. எந்தப் பட்டியலிலும் அது இல்லை.

ஒரு வால்மீன் ஒரு விண்மீன் குடும்பத்தை விட்டுக் கிளம்பி இன்னொரு விண்மீன் குடும்பத்துக்குள் போக முடியுமா? கோட்பாட்டளவில் இதற்குப் பல பத்தாண்டுகளாகவே 'முடியும்' என்ற பதில் இருந்தது. கோள்கள் உருவாகும் காலத்தில் பெரிய கோள்கள் பனிக்கட்டி உருண்டைகளை ஏராளமாக வெளியே வீசியெறிகின்றன. நம் சூரியன் வீசியிருந்தால் மற்ற சூரியன்களும் வீசியிருக்க வேண்டும். வாதம் எளிமையானது. ஆனால் 2019 வரை, 'இதோ, வெளியிலிருந்து வந்த வால்மீன்' என்று ஐயமில்லாமல் சுட்டிக்காட்ட ஒன்றுகூட இல்லை. அதனால்தான் இந்த ஒரு வால்மீனைத் தனி நிகழ்வாக எடுத்து, முதலிலிருந்து கடைசிவரை பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

கண்டுபிடித்த சில நாட்களில் உலகெங்கும் தொழில்முறை வானியலாளர்களும் ஆர்வலர்களும் அதன் இடத்தை அளந்து அனுப்பினார்கள். செப்டம்பர் 11 அன்று பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் சிறுகோள் மையம் அதை சி/2019 கியூ4 என்ற வால்மீனாக அறிவித்தது. செப்டம்பர் 24-இல் பெயர் 2ஐ/போரிசோவ் என்று மாறியது. இதிலுள்ள 'ஐ', விண்மீன்களுக்கு இடையிலிருந்து வந்தது என்பதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. 2 என்பது அந்த வகையில் இரண்டாவது என்பதைச் சொல்கிறது. இவ்வளவு சீக்கிரம் இவ்வளவு உறுதியாக எப்படிச் சொன்னார்கள்?

எல்லாம் ஒரே ஓர் எண்ணில் இருக்கிறது. பள்ளிக் கணக்கில் வரும் மையத்தொலைத்தகவுதான் அது. வட்டத்துக்கு அது 0. நீள்வட்டத்துக்கு 0-க்கும் 1-க்கும் இடையில் இருக்கும். சரியாக 1 என்றால் பரவளையம். 1-ஐத் தாண்டினால் அதிபரவளையம். அந்தப் பாதையில் வரும் பொருள் சூரியனை ஒருமுறை வளைத்துக்கொண்டு போய்விடும், திரும்பாது. ஹாலி வால்மீனுக்கு இந்த எண் 0.967. அதனால்தான் அது 76 ஆண்டுகளுக்கு ஒருமுறை வருகிறது. போரிசோவுக்கு 3.36.

1-ஐத் தாண்டிய வால்மீன் எல்லாமே வெளியூர்ப் பொருள் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். நம் சூரியக் குடும்பத்தின் வெளிவிளிம்பில், ஊர்ட் முகில் எனப்படும் பனிக்கட்டிக் கூட்டத்திலிருந்து வரும் வால்மீன்கள் ஏற்கெனவே 1-ஐ ஒட்டிய பாதையில்தான் வருகின்றன. வியாழனோ சனியோ ஒரு சின்னத் தள்ளு கொடுத்தாலே போதும், 1.001, 1.002 என்று கணக்குக் காட்டிவிடும். கோள்களின் ஈர்ப்பைக் கழித்து, உள்ளே வருவதற்கு முன்பிருந்த பாதையைக் கணக்கிட்டால் அவற்றில் ஏறத்தாழ எல்லாமே நம் வீட்டுப் பிள்ளைகள்தான். இப்படி நம் குடும்பத்திலிருந்தே தள்ளப்பட்டவற்றில் மிகவும் பெயர்பெற்றது சி/1980 ஈ1, அதாவது போவெல் வால்மீன். அதன் எண் 1.057. அதற்கு அருகில் 3.36-ஐ வைத்துப் பாருங்கள்.

வேகத்தின் கணக்கிலும் இதையே காணலாம். போரிசோவ் 2019 டிசம்பர் 8 அன்று சூரியனுக்கு மிக அருகில் வந்தது. தூரம் 2 வானியல் அலகு, அதாவது பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலான தொலைவைப் போல் இரு மடங்கு. அந்த இடத்தில் சூரியனின் பிடியிலிருந்து தப்ப நொடிக்கு ஏறத்தாழ 30 கி.மீ. வேகம் போதும். போரிசோவின் வேகம் கிட்டத்தட்ட 44 கி.மீ. சூரியனின் ஈர்ப்பு தந்த பங்கைக் கழித்துவிட்டால், எல்லையில்லாத் தொலைவிலும் அதனிடம் மிஞ்சியிருக்கும் வேகம் நொடிக்கு 32 கி.மீ. அதாவது நம்மை நோக்கி விழத் தொடங்குவதற்கு முன்பே அந்த வேகத்தில்தான் ஓடிக்கொண்டிருந்தது. மனிதன் அனுப்பிய வாயேஜர் 1 நொடிக்கு 17 கி.மீ. வேகத்தில் போகிறது.

நியாயமான எதிர்க்கேள்வி ஒன்று உண்டு. நெப்டியூனுக்கு அப்பால் நமக்குத் தெரியாத ஒரு கோள் இருந்து, அதுவே இந்த வேகத்தைக் கொடுத்திருக்கலாமே? முடியாது. கோள் ஒன்று பொருளைச் சுண்டிவிடும் வேகத்துக்கு அந்தக் கோளே சூரியனைச் சுற்றும் வேகம் ஒரு வரம்பு போடுகிறது. எவ்வளவு சாதகமாக அமைந்தாலும் அதைப்போல் மூன்றரை மடங்கை எட்டாது. நெப்டியூன் நொடிக்கு 5.4 கி.மீ. வேகத்தில்தான் சுற்றுகிறது. அதற்கு அப்பால் போகப்போக வேகம் இன்னும் குறையும். 32 அங்கே கிடைக்காது. வியாழன் போன்ற வேகமான கோளின் பக்கத்தில் போரிசோவ் வந்த வழி போகவே இல்லை. கோள்களின் தளத்துக்கு 44 பாகை சாய்வாக, காசியோபியா விண்மீன் தொகுதி இருக்கும் திசையிலிருந்து அது இறங்கி வந்தது. வீட்டுக்குள் இதற்கு விளக்கம் இல்லாதபோது வெளியிலிருந்து வந்தது என்பதைத் தவிர வேறு வழியில்லை.

வந்தது வெளியிலிருந்துதான். வந்தது வால்மீன்தானா?

அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன் இதே கேள்வி நம்மைத் திணறடித்தது. 2017 அக்டோபர் 19 அன்று ஹவாயின் பான்-ஸ்டார்ஸ் தொலைநோக்கி 1ஐ/ஔமுவாமுவாவைக் கண்டுபிடித்தது. வெளியிலிருந்து வந்ததாக உறுதிசெய்யப்பட்ட முதல் பொருள் அது. ஆனால் அதற்குத் தலையும் இல்லை, வாலும் இல்லை. ஒளி பத்து மடங்கு ஏறி இறங்கியது. ஈர்ப்பால் மட்டும் விளக்க முடியாத சிறு முடுக்கம் இருந்தது. வாயு வெளியேறினால் அப்படி நடக்கும். ஆனால் வாயுவை யாரும் பார்க்கவில்லை. அதனால், வால்மீன்கள் விண்மீன்களுக்கு இடையே பயணிக்கின்றன என்பதற்கு ஔமுவாமுவாவைச் சான்றாகக் காட்டுவதை நான் ஏற்பதில்லை. ஏதோ ஒரு பொருள் பயணிக்கிறது என்பதற்கு மட்டுமே அது சான்று.

போரிசோவில் அந்தச் சிக்கல் எழவே இல்லை. முதல் நாட்களிலேயே அதைச் சுற்றித் தூசு மூட்டமும் குட்டையான வாலும் தெரிந்தன. செப்டம்பர் 20 அன்று லா பால்மா தீவின் வில்லியம் ஹெர்ஷல் தொலைநோக்கி அதன் நிறமாலையில் சயனோஜன் வாயுவைப் பிடித்தது. நம் வால்மீன்களில் முதலில் கண்ணில் படும் வாயுவும் அதுதான். வேறொரு விண்மீன் குடும்பத்தில் பிறந்த பொருளிலிருந்து கிளம்பும் வாயு அடையாளம் காணப்பட்டது வரலாற்றில் அதுவே முதல்முறை. பழைய படங்களைத் தோண்டியபோது, கலிஃபோர்னியாவின் ஸ்விக்கி கணக்கெடுப்புத் தொலைநோக்கி 2018 டிசம்பர் 13-லேயே இதைப் பதிவு செய்திருந்தது தெரியவந்தது. அப்போது அது வியாழனின் பாதைக்கும் அப்பால் இருந்தது. அங்கே தண்ணீர்ப் பனிக்கட்டி ஆவியாகாது. ஆனாலும் வால்மீன் அப்போதே விழித்துக்கொண்டிருந்தது. தண்ணீரைவிட எளிதில் ஆவியாகும் ஏதோ ஒன்று உள்ளே இருக்கிறது என்பதற்கான முதல் அறிகுறி அது.

அந்த ஏதோ ஒன்று கார்பன் மோனாக்சைடு. 2019 டிசம்பர் நடுவில் சிலியின் அல்மா வானொலித் தொலைநோக்கி வரிசையும், அதே காலத்தை ஒட்டி ஹப்பிளும் தனித்தனியே அளந்தன. நம் வால்மீன்கள் பெரும்பாலானவற்றில் தண்ணீரோடு ஒப்பிட்டால் கார்பன் மோனாக்சைடு சில விழுக்காடுதான். போரிசோவில் அல்மாவின் அளவு 35 முதல் 105 விழுக்காடு. ஹப்பிளின் அளவில் அது தண்ணீரையே மிஞ்சியது, 130 விழுக்காட்டுக்கும் மேல். இந்த வாயு பனிக்கட்டியாக உறைய வேண்டுமானால் வெப்பநிலை சுழியத்துக்குக் கீழே 250 பாகை செல்சியஸ் அளவுக்கு இறங்க வேண்டும். ஆகவே போரிசோவ் தன் தாய் விண்மீனிலிருந்து மிகத் தொலைவில், உறைகுளிரில் உருவாகியிருக்க வேண்டும். அல்லது அந்தத் தாய் விண்மீனே நம் சூரியனைவிடச் சிறிய, குளிர்ந்த செங்குள்ளனாக இருந்திருக்கலாம். ஹப்பிள் ஆய்வுக் குழு இந்த இரண்டாவது வாய்ப்பை முன்வைத்தது.

எனக்கு இதில் ஒரு தயக்கம் உண்டு. நம் குடும்பத்திலேயே சி/2016 ஆர்2 என்ற வால்மீன் கார்பன் மோனாக்சைடு நிறைந்து, தண்ணீர் குறைந்து வந்திருக்கிறது. ஆகவே வேதியியல் வித்தியாசத்தை மட்டும் வைத்து ஒன்றை அந்நியன் என்று சொல்லிவிட முடியாது. போரிசோவ் அந்நியன் என்று சொல்வது பாதை. அந்த அந்நியன் எப்படிப்பட்ட இடத்தில் வளர்ந்தது என்பதைத்தான் வேதியியல் சொல்கிறது. இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல் இருந்தால் இந்த நிகழ்வு தெளிவாகிவிடும். 2021-இல் போரிசோவைச் சுற்றி நிக்கல் ஆவி இருப்பதைப் போலந்து வானியலாளர்கள் இருவர் கண்டறிந்தார்கள். உலோகம் ஆவியாகவே முடியாத குளிரில் நிக்கல் ஆவி! அதே நேரத்தில் வேறொரு குழு நம் வால்மீன்கள் ஏறக்குறைய 20-இலும் இரும்பு, நிக்கல் ஆவி இருப்பதைக் காட்டியது. எங்கோ பிறந்த வால்மீனுக்கும் நம்முடையவற்றுக்கும் இப்படி ஓர் ஒற்றுமை இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கார்பன் மோனாக்சைடு காட்டிய வேறுபாட்டைவிட இந்த ஒற்றுமைதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது.

அப்படியானால் எந்த விண்மீனிலிருந்து வந்தது? பாதையைப் பின்னோக்கி ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடாதா? முயன்றார்கள். கண்டுபிடித்த சில வாரங்களிலேயே, குரூகர் 60 என்ற இரட்டைச் செங்குள்ளனாக இருக்கலாம் என்று ஒரு கணக்கு வந்தது. சுமார் 10 லட்சம் ஆண்டுகளுக்கு முன் இரண்டும் ஓரளவு அருகருகே, மெதுவான ஒப்புவேகத்தில் (ஒன்றிலிருந்து பார்த்தால் மற்றொன்றுக்குத் தெரியும் வேகம்) இருந்தன என்பது அதன் வாதம். கூடுதல் அளவீடுகள் வந்து பாதை திருந்தியதும் அந்த நெருக்கம் கரைந்துபோனது. பிறகு கையா விண்கலத்தின் விண்மீன் தரவுகளை வைத்துத் தேடியபோது ராஸ் 573 என்ற விண்மீன் அகப்பட்டது. சுமார் 9 லட்சம் ஆண்டுகளுக்கு முன் போரிசோவ் அதற்கு உண்மையிலேயே பக்கத்தில் போயிருக்கிறது. ஆனால் ஒப்புவேகம் நொடிக்கு 23 கி.மீ. பெற்ற வீட்டை விட்டு வெளியேறும் வால்மீன் அவ்வளவு வேகத்தில் கிளம்புவது அரிதினும் அரிது. தெருவில் எதிரெதிரே கடந்து போனவர்களைத் தாயும் பிள்ளையும் என்று சொல்ல முடியாது.

தோல்விக்குக் காரணம் இதுதான். நொடிக்கு 32 கி.மீ. வேகத்தில் ஓர் ஒளியாண்டைக் கடக்க 9,300 ஆண்டுகள் ஆகும். நமக்கு மிக அருகிலுள்ள புராக்சிமா விண்மீனின் தொலைவைக் கடக்கவே 39,000 ஆண்டுகள் வேண்டும். போரிசோவ் பிறந்து கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆகியிருக்கலாம், நூறு கோடிக்கணக்காகவும் இருக்கலாம். அத்தனை காலமும் விண்மீன்கள் எல்லாமே இடம்பெயர்ந்துகொண்டிருந்தன. போதாததற்கு வால்மீனிலிருந்து பீறிடும் வாயு ராக்கெட்டைப் போல அதைச் சற்றே தள்ளிவிடுகிறது. இன்றைய பாதையில் உள்ள மயிரிழைப் பிழை 10 லட்சம் ஆண்டுகள் பின்னால் போனால் ஒளியாண்டுக் கணக்கில் விரிந்துவிடும். போரிசோவின் பிறப்பிடம் இனி ஒருபோதும் தெரியவராது என்றே நினைக்கிறேன்.

அடுத்துச் சொல்லப்போவதுதான் இந்த நிகழ்வில் எனக்கு மிக முக்கியமானது. 'வால்மீன்கள் விண்மீன்களுக்கு இடையே பயணிக்கின்றன' என்று கேட்டவுடன், ஒரு விண்மீனிலிருந்து அடுத்ததற்கு, அங்கிருந்து இன்னொன்றுக்கு என்று தாவித்தாவிப் போகும் காட்சி மனத்தில் எழுகிறது. அப்படி நடப்பதில்லை. நான் ஒரு தோராயக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். சூரியனின் சுற்றுப்புறத்தில் விண்மீன்கள் எவ்வளவு நெருக்கமாக அமைந்திருக்கின்றன, போரிசோவின் வேகம் என்ன, ஈர்ப்பு எவ்வளவு வளைக்கும் என்பவற்றை எடுத்துக்கொண்டேன். அதைப் போன்ற ஒரு வால்மீன் ஏதாவது ஒரு விண்மீனுக்கு 2 வானியல் அலகு தொலைவுக்குள் போக, சராசரியாகச் சில கோடி கோடி ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். பிரபஞ்சத்தின் வயதே 1,380 கோடி ஆண்டுகள்தான். அதைப்போல் பல்லாயிரம் மடங்கு காலம் இது. ஆக, வீட்டை விட்டுக் கிளம்பும் வால்மீன் ஏறத்தாழ எப்போதும் எங்கும் போய்ச் சேர்வதே இல்லை. இருளில் மிதந்துகொண்டே இருக்கிறது. கிளம்புவது சாதாரணம், சேருவதுதான் அதிசயம்.

இரண்டு முடிவுகள் இதிலிருந்து கிடைக்கின்றன. இப்படிப்பட்ட அரிய சந்திப்பு நம் கண்ணெதிரே நடந்திருக்கிறது என்றால், வெளியே மிதப்பவற்றின் எண்ணிக்கை கற்பனைக்கு எட்டாததாக இருக்க வேண்டும் என்பது ஒன்று. வீட்டை விட்டுக் கிளம்பிய பிறகு போரிசோவ் நெருங்கிய முதல் விண்மீன் பெரும்பாலும் நம் சூரியன்தான் என்பது மற்றொன்று.

இரண்டாவது முடிவுக்கு வேறொரு திசையிலிருந்து ஆதரவு வந்தது. சிலியில் ஐரோப்பியத் தெற்கு வானாய்வகத்தின் மிகப்பெரும் தொலைநோக்கி போரிசோவின் தூசு சிதறடிக்கும் ஒளியின் முனைவாக்கத்தை, அதாவது ஒளி அலைகள் எந்த அளவுக்கு ஒரே திசையில் அதிர்கின்றன என்பதை, அளந்தது. 2021-இல் முடிவு வெளியானது. அந்த முனைவாக்கம் நம் சாதாரண வால்மீன்களைவிட அதிகம். 1997-இல் வெறுங்கண்ணுக்கே ஒளிர்ந்த ஹேல்-பாப் வால்மீனுடன் மட்டுமே ஒத்துப்போனது. ஹேல்-பாப் நம் காலத்துக்கு முன் சூரியனை அதிகம் நெருங்கியிராத, வெப்பத்தால் பெரிதும் மாறாத வால்மீன். போரிசோவ் அதைவிடவும் தூய்மையாக இருக்கிறது, சூரியனுக்கு முன் எந்த விண்மீனையும் அது நெருங்கியிராமல் இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் சொன்னார்கள். ஒளியை அளந்தவர்களும் நிகழ்தகவுக் கணக்கும் ஒரே இடத்துக்கு வந்து சேர்வதைப் பார்க்கும்போது மனம் நிறைகிறது.

அந்த முதல் நெருக்கத்தை அது முழுசாகத் தாங்கவில்லை. 2020 மார்ச் தொடக்கத்தில் போரிசோவ் திடீரென இருமுறை பிரகாசமானது. மாத இறுதியில் ஹப்பிள் பார்த்தபோது உட்கருவிலிருந்து ஒரு துண்டு பிரிந்திருந்தது. சில நாட்களில் அந்தத் துண்டு மறைந்தது. உட்கருவின் குறுக்களவே 1 கி.மீ.க்கும் குறைவு என்று ஹப்பிள் முன்பே காட்டியிருந்தது. பெரும்பகுதி பிழைத்து, தெற்கு வானை நோக்கி நகர்ந்து மங்கிப்போனது.

அதன் பிறகு மூன்றாவதும் வந்துவிட்டது. 2025 ஜூலை 1 அன்று சிலியிலுள்ள அட்லஸ் தொலைநோக்கி கண்டுபிடித்த 3ஐ/அட்லஸ். தொலைவில் அதன் வேகம் நொடிக்கு 58 கி.மீ., மையத்தொலைத்தகவு 6.1. இதுவும் ஐயமில்லாத வால்மீன். ஆனால் அதில் கார்பன் டை ஆக்சைடு மிகுதி. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி ஆகஸ்டில் பார்த்தபோது தண்ணீரைப்போல் 8 மடங்கு இருந்தது. இரண்டு வால்மீன், இரண்டு வேறு வேதியியல். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு 'வெளியூர் வால்மீன் இப்படித்தான் இருக்கும்' என்று எழுதியிருந்தால் தவறாகப் போயிருக்கும். சிலியின் வேரா ரூபின் வானாய்வகம் இத்தகையவற்றை இன்னும் கண்டுபிடிக்கும் என்று எதிர்பார்க்கிறார்கள்.

வந்த வால்மீன் இங்கேயே தங்கிவிட முடியுமா என்று கேட்பவர்கள் உண்டு. சூரியனால் தனியாக அதைப் பிடித்துவைக்க முடியாது. உள்ளே விழும்போது கூடிய வேகம் வெளியே ஏறும்போது அப்படியே கழிந்துவிடும். கொண்டுவந்த 32 கி.மீ. அப்படியே இருக்கும். மூன்றாவது பொருள் ஒன்று, நடைமுறையில் வியாழன், வேகத்தைத் திருடிக்கொள்ள வேண்டும். நொடிக்குச் சில கி.மீ. என்று மெதுவாக வருபவற்றில் எப்போதாவது அது நடக்கலாம். போரிசோவில் நடக்க வழியே இல்லை. நடந்த பின் நம்மால் கண்டுபிடிக்க முடியுமா என்பது அதைவிடக் கடினமான கேள்வி, ஏனென்றால் பிடிபட்டபின் பாதை பழையதை மறந்துவிடும். 96பி/மக்ஹோல்ட்ஸ் என்ற வால்மீனில் சயனோஜன் வழக்கத்துக்கு மாறாக மிகக் குறைவு. அது வெளியிலிருந்து வந்து பிடிபட்டதாக இருக்கலாம் என்று 2008-இல் ஒரு கருத்து வந்தது. சூரியனைப் பலமுறை மிக நெருங்கிச் சுற்றியதால் வேதியியல் கெட்டிருக்கலாம் என்பதும் அதே அளவு நியாயமான விளக்கம். பாதையின் சாட்சியம் இல்லாமல் இதைத் தீர்க்க முடியாது என்பதே என் கருத்து.

நாமும் அனுப்புகிறோம். முன்பு சொன்ன போவெல் வால்மீன் ஊர்ட் முகிலிலிருந்து இறங்கி வந்தது. 1980 டிசம்பர் 9 அன்று வியாழனுக்கு சுமார் 3.4 கோடி கி.மீ. தொலைவில் கடந்தபோது, ஒருமுறை கிடைத்த தள்ளில் சூரியனின் பிடி விட்டுப்போனது. வெளியே போன பிறகு அதனிடம் மிஞ்சப்போகும் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 4 கி.மீ. அந்த வேகத்தில் முதல் ஒளியாண்டைக் கடக்கவே 75,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகும்.